வருத்தம் தெரிவித்தல் குறித்து

1

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். அப்புறம் கை கால் நீட்டி உட்கார்ந்து மற்றதைச் சொல்லலாம். என் பெண் வசந்தா பள்ளிக்கூடத்தில் கொடுக்கவேண்டிய மன்னிப்புக் கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன். எழுதியது ஒரு தப்பு. அதை ஆபீஸ் மெஷினில் டைப் அடித்தது இரண்டாவது தப்பு. அடித்து முடித்து, நாற்காலியில் சாய்ந்து, நானே இரண்டு தடவை படித்து, "பேஷ், சுந்தரம்!" என்று எனக்கே சொல்லிக்கொண்டது மூன்றாவது தப்பு. எந்தத் தப்புக்கு அதிக தண்டனை என்று கேட்டால், மூன்றாவதுக்குத்தான்.

இந்த வாரத்தோடு நான் பம்பாய்க்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஊரில் இருப்பவர்கள், "சுந்தரம் பம்பாயில் பெரிய உத்தியோகம்" என்று சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. தயவுசெய்து அதை யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனி. அதில் நான் ஸ்டெனோகிராபர். மானேஜர் சொல்வார், நான் கொக்கியும் வளையமுமாக நோட்டில் கிறுக்குவேன், பிறகு அதை டைப் அடித்து அவர் முன்னால் வைப்பேன். அவர் கையெழுத்துப் போடுவார். இதுதான் பெரிய உத்தியோகம்.

எங்கள் கம்பெனியின் முக்கியமான தொழில் சரக்கு அனுப்புவது இல்லை, வருத்தப்படுவது. மூட்டை நனைந்தால் வருந்துகிறோம். பெட்டி உடைந்தால் ஆழ்ந்து வருந்துகிறோம். கப்பலே தாமதமானால் வருத்தத்துடன் தெரிவித்துக் கொள்கிறோம். காலை பத்திலிருந்து மாலை ஐந்தரை வரை நான் வருந்துகிற வேகத்துக்கு, கண்ணீர் விட்டிருந்தால் மெஷின் துருப்பிடித்திருக்கும். ஆனால் இந்தப் பதினோரு வருஷத்தில் அந்த ஆபீஸில் ஒருத்தர் முகம் வாடி நான் பார்த்ததில்லை, மாதக் கடைசியைத் தவிர.

2

போன சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ். வி.டி. ஸ்டேஷனில் ஒன்றே காலுக்கு வண்டி பிடித்து, மாதுங்காவில் இறங்கி, ஒரு கட்டு வெற்றிலையும் கால் வீசை வெண்டைக்காயுமாக வீட்டுக்குள் நுழைந்தால், என் மனைவி ஜானகி கதவருகில் நிற்கிறாள். கையில் ஒரு நீளக் கவர்.

"ஏன்னா, உங்க பொண் என்ன பண்ணிட்டு வந்திருக்கா தெரியுமோ?"

'உங்க பொண்' என்று ஆரம்பித்தாலே விஷயம் விபரீதம் என்று அர்த்தம். நல்ல மார்க் வாங்கினால் அவள் ஜானகியின் பெண். 

கவரில் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை மிஸ் பெரைராவின் கடிதம். ஐந்தாம் வகுப்பில் வசந்தா, பக்கத்து பெஞ்சு ரேகாவின் பூகோள நோட்டில் ஒரு முழு மைக்கூட்டைக் கவிழ்த்து விட்டாள். கை தவறி இல்லை. மூடியைத் திருகித் திறந்து, எழுந்து போய்க் கவிழ்த்திருக்கிறாள். காரணம் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கச் சொன்னதற்கு மாட்டேன் என்றாள். ஆகவே செவ்வாய்க்கிழமைக்குள் அவளே தன் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம்.

டி.சி. என்ற இரண்டு எழுத்தைப் பார்த்ததும் எனக்கு வெண்டைக்காய்ப் பை கை நழுவியது. உங்களுக்கு இது புரியாது. ஊரில் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துப்போனால் பள்ளிக்கூடம். இங்கே அந்தப் பள்ளியில் ஓர் இடம் வாங்க நான் இரண்டு வருஷம் அலைந்தேன். பிறப்புச் சான்றிதழில் ஊர் கல்லிடைக்குறிச்சி என்று இருந்ததால், அது எந்த ராஜ்யத்தில் இருக்கிறது என்று எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கி வந்தேன். அதில் முத்திரை சரியாக விழவில்லை என்றார்கள். மறுபடி ஊருக்கு எழுதினேன். முத்திரை அழுத்தமாக விழுந்து வந்தபோது, அது பெயர் மேல் விழுந்திருந்தது. கடைசியில் பேட்டி வைத்தார்கள்; குழந்தைக்கு மட்டுமில்லை, தகப்பனுக்கும். குழந்தை பாஸ் செய்துவிட்டாள். நான் மயிரிழையில் தப்பினேன்.

அந்த இடம் போனால் அப்புறம் எங்கே? தாதர் வரைக்கும் தேடலாம். நடு வருஷத்தில் எவன் சேர்ப்பான்? அதுவும், மை கொட்டினாள் என்று எழுதின டி.சி.யோடு!

3

வசந்தா சமையலறை வாசலில் உட்கார்ந்து பாண்டி விளையாடும் சில்லுகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பத்து வயது. இரட்டைப் பின்னல். இங்கேயே வளர்ந்தவள். சண்டை போடுவது இந்தியில், கணக்குப் போடுவது இங்கிலீஷில், பேசாமல் முறைப்பது மட்டும் தமிழில். ஊரிலிருந்து வரும் கடுதாசியை எழுத்துக் கூட்டி, பல்லி நகர்வதுபோல நின்று நின்று படிப்பாள்.

"ஏண்டி கண்ணு, மையைக் கொட்டினே?"

"கொட்டணும்போல இருந்தது."

"ரேகா என்ன பண்ணினா?"

"குச் நஹி."

"ஒண்ணும் பண்ணாதவ மேல எதுக்குக் கொட்டினே?"

"அவ மேல கொட்டலை. நோட்டுல கொட்டினேன்."

வக்கீல் வீட்டில் பிறக்க வேண்டியவள், தப்பி என் வீட்டில் பிறந்துவிட்டாள். நான் குரலை மாற்றினேன். "சரி போறது. ஸாரின்னு நாலு வரி எழுதிக் குடுத்துடு. முடிஞ்சது."

"எனக்கு வருத்தம் வரலைப்பா."

"வராட்டா என்ன? எழுதேன்."

"வராததை வந்துடுத்துன்னு எப்படி எழுதறது? அது பொய் இல்லையா?"

உள்ளேயிருந்து ஜானகி, "நன்னாக் கேளுங்கோ! பொய் சொல்லாதேன்னு சொல்லிக் குடுத்தது நீங்கதானே?" என்றாள். எனக்கு எதிராக ஒரு சாட்சி சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் அவள் அடுப்பில் பால் பொங்கினாலும் விடமாட்டாள்.

குழந்தை சொன்னதில் இன்னொரு விஷயமும் இருந்தது. நம் பாஷையில் வருத்தம் வரவேண்டும். கோபம் வரவேண்டும். பயம் வந்து பிடிக்கும், வெட்கம் பிடுங்கித் தின்னும், துக்கம் தொண்டையை அடைக்கும். நாம் பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்; அவை ஒவ்வொன்றாக வந்து தங்கள் வேலையைப் பார்த்துவிட்டுப் போகின்றன. வராவிட்டால் அதற்கு நாம் என்ன செய்யமுடியும்?

இங்கிலீஷில் அப்படி இல்லை. அங்கே நானேதான் கோபம், நானேதான் சந்தோஷம். 'ஐ ஆம் ஆங்ரி' என்கிறான் வெள்ளைக்காரன். கோபம் வந்தது என்பதில்லை, ஆளே அதுவாகிவிட்டான். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஆராய்ச்சி உண்டு. பம்பாய் வந்த புதிதில், மானேஜர் சொல்வது பாதி புரியாமல் நான் திண்டாடியபோது, ஒரு நோட்டில் நாலு பத்தி கோடு போட்டு, ஒவ்வொரு உணர்ச்சியையும் பிடித்துப் போட்டு வைத்தேன். முதல் பத்தியில் நவுன், அதாவது உணர்ச்சியின் பெயர். இரண்டாவதில் வெர்ப், அதைச் செய்வது. மூன்றாவதில் அட்ஜெக்டிவ், ஆள் எப்படி இருக்கிறான் என்பது. நாலாவதில் அட்வெர்ப், அவன் அந்தக் காரியத்தை எப்படிச் செய்தான் என்பது.

'ஆங்கர்' என்ற கோபத்துக்கு நாலு பத்தியும் நிரம்பிவிடும். வசதியான குடும்பம். 'ஃபியர்' என்ற பயம் சிக்கனக்காரன். ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு பெயராகவும் வருவான், வினையாகவும் வருவான். 'ஷேம்' என்ற வெட்கத்துக்கு மூன்றாவது பத்தியில் மட்டும் மூன்று பிள்ளைகள். வெட்கப்படுகிறவன் 'அஷேம்ட்'. வெட்கப்பட வேண்டிய காரியம் 'ஷேம்ஃபுல்'. எதற்கும் வெட்கப்படாதவன் 'ஷேம்லெஸ்'. எங்கள் ஆபீஸில் மூவரும் உண்டு. ஆனால் 'ஹாப்பி'க்கு மட்டும் இரண்டாவது பத்தி காலி. ஒருத்தரை நேராக ஹாப்பி பண்ண இங்கிலீஷில் வழியே இல்லை. 'மேக்' என்று ஒரு கூலியாளைக் கூப்பிட்டு, அவன் தலையில் தூக்கிவைத்துத்தான் அனுப்ப வேண்டும். அதனால்தானோ என்னவோ அந்தச் சரக்கு எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேருவதில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை காலையில் காதர் பாய் வந்தார். தாராவியில் தோல்பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் மேலப்பாளையம். வெளியூர் வியாபாரிகளுக்கு அவர் அனுப்புகிற இங்கிலீஷ் கடிதங்களை நான் எழுதிக் கொடுப்பது வழக்கம். அவர் சொல்வதை நான் எழுதுவேன், நான் எழுதியதை அவர் நம்புவார்.

அன்றைக்கு அவர் கடிதத்தை ஒதுக்கிவைத்து, நாலு பத்தி நோட்டை எடுத்துவைத்து, வசந்தா விஷயத்தைச் சொன்னேன். பிள்ளை வருத்தம் வரவில்லை என்கிறாள்; ஆனால் இங்கிலீஷில் அதற்கு ஒரு சுலபம் இருக்கிறது என்று விளக்கினேன். 'ஸாரி' என்பது மூன்றாவது பத்தி. அதற்கு ஆள் அப்படி இருந்தே ஆகவேண்டும். 'ரிக்ரெட்' என்ற வருத்தமோ இரண்டாவது பத்தியிலும் வரும். செருப்பை மாட்டுவதுபோல, தபால்தலை ஒட்டுவதுபோல, அதைச் செய்துவிட்டு எழுந்து போய்விடலாம். ஆகவே 'ரிக்ரெட்' போட்டு ஒரு கடிதம் தயார் செய்தால் குழந்தைக்குப் பொய் சொன்ன பாவமும் இல்லை, பள்ளிக்கூடத்துக்கும் திருப்தி.

காதர் பாய் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் அய்யரே, பிள்ளைக்கு வருத்தம் வந்துட்டா, வரலியா? அதச் சொல்லும்."

"வரலை."

"அப்பொ தோலே இன்னும் வந்து சேரல. நீரு அதுக்குள்ள பையத் தச்சு, வாரும் போட்டு, பூட்டும் மாட்டிட்டீரு."

"பாய், இது இங்கிலீஷ் பை. தோல் இல்லாமலே நிற்கும்."

"நிக்கும் நிக்கும். எவனாவது உள்ள கைய விடுத வரைக்கும் நிக்கும்." எழுந்து செருப்பை மாட்டினார். "எதுக்கும் அந்தப் புள்ளைட்ட ஏன் கொட்டுனான்னு இன்னொருக்க கேளும். காரணமில்லாம அது செய்யாது. எங்க கடைக்கு வந்தா ஊசியக்கூட கேட்டுட்டுத்தான் தொடும்."

கேட்டிருக்கலாம். ஆனால் நான் நோட்டைப் புரட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

5

திங்கட்கிழமை மத்தியான இடைவேளை. மானேஜர் சாப்பிடப் போயிருந்தார். தயிர்சாதத்தை நாலு வாயில் முடித்துவிட்டு மெஷின் முன் உட்கார்ந்தேன். கை தானாக ஓடியது. இங்கிலீஷில் நான் அடித்ததைத் தமிழில் தருகிறேன். சொத்தை இரண்டிலும் ஒன்றுதான்.

'மரியாதைக்குரிய மேடம்: பொருள், வருத்தம் தெரிவித்தல் குறித்து. பார்வை, தங்கள் சனிக்கிழமைக் கடிதம். மேற்படி சம்பவம் தொடர்பாக என் ஆழ்ந்த வருத்தத்தை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். இவ்வருந்தத்தக்க நிகழ்ச்சிக்காக வருந்துவதோடு, வெட்கத்துக்குரிய இச்செயலால் வெட்கமடைந்து, வெட்கத்தோடு தலைகுனிகிறேன். இனி இவ்வாறு நிகழாவண்ணம் தக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று உறுதி கூறுகிறேன்.'

பார்த்தீர்களா? பெயர், வினை, அடை எல்லாம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக வந்துவிட்டன. ஒரு பத்தி விடவில்லை.

சாயங்காலம் அதை வசந்தாவிடம் கொடுத்தேன். நிபந்தனையும் சொன்னேன்: "உன் கையால நன்னா எழுதணும். ஒரு எழுத்து விடக்கூடாது. ஒரு புள்ளி விடக்கூடாது. உன் இஷ்டத்துக்கு ஒண்ணும் சேக்கவும் கூடாது. புரிஞ்சுதா?"

"எல்லாத்தையும் அப்படியே எழுதணுமா?"

"அப்படியே."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு, உட்கார்ந்து, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கடிதம் எனக்கு மனப்பாடம் என்பதால் நான் அதைச் சரிபார்க்கவில்லை. தூரத்திலிருந்து அழகு பார்த்ததோடு சரி. செவ்வாய்க்கிழமை காலை அது பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு வண்டியில் நின்றுகொண்டே தூங்கினேன், அத்தனை நிம்மதி.

புதன்கிழமை காலை, தகப்பனார் உடனே வரவும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது.

6

மிஸ் பெரைரா கோவாக்காரர். ஒல்லி, உயரம், நரைத்த தலை. பேட்டியில் என்னைக் கேள்வி கேட்டவரும் அவர்தான். அறைக்குள் நுழைந்தபோது வசந்தா மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். மேஜைமேல் இரண்டு காகிதம். ஒன்று வசந்தாவின் கடிதம். மற்றது டி.சி. படிவம், பெயர், வகுப்பு எல்லாம் எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. தலைகீழாகப் படிப்பது ஸ்டெனோக்களுக்குக் கைவந்த கலை. அன்றைக்கு அது எனக்குக் கைவராமல் இருந்திருக்கலாம்.

அவர் பேசியது இங்கிலீஷில். நானும் இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டு ஏதோ பேசினேன்.

"மிஸ்டர் சுந்தரம், இந்தக் கடிதத்தை யார் எழுதியது?"

"கையெழுத்து என் பெண்ணுடையது மேடம்."

"அது தெரிகிறது. மேலே, 'ஒப்புதலுக்கான வரைவு' என்று இருக்கிறதே?"

வரைவு அடித்தால் தலையில் அதைப் போடுவது எங்கள் ஆபீஸ் பழக்கம். பதினோரு வருஷமாக விரல்கள் என்னைக் கேட்காமலே போடும். மேஜைமேல் இருந்த கடிதத்தை எட்டிப் பார்த்தேன். அழகான எழுத்தில், சிவப்பு மையில் அடிக்கோடு வேறு போட்டு எழுதியிருந்தாள்.

"கீழே, இடது மூலையில் 'கே.எம்., சாய்கோடு, எஸ்.எஸ்.' என்று இருக்கிறது. எஸ்.எஸ். யார்?"

"நான்தான் மேடம். டைப் அடித்தவன்."

"கே.எம்.?"

"எங்கள் மானேஜர். கடிதத்தைச் சொன்னவர் எழுத்து முதலில் வரவேண்டும் என்பது..."

"உங்கள் மானேஜருக்கு என் பள்ளியில் மை கொட்டியதில் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்லை மேடம். அவருக்குத் தெரியாது. தயவுசெய்து தெரியவும் வேண்டாம்."

"'நகல்: கோப்புக்கு' என்கிறது. எந்தக் கோப்பு?"

நான் கூரையைப் பார்த்தேன். அங்கே ஒரு மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் நிம்மதி எனக்கு அப்போது பொறாமையாக இருந்தது.

"கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. அதன் பக்கத்தில்தான் உங்கள் பெண் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இது என்ன, கணக்கா?"

கையெழுத்து எங்கே என்று மானேஜருக்குக் காட்ட நாங்கள் பென்சிலால் போடுகிற குறி. அதையும் விடவில்லை. வசந்தாவைப் பார்த்தேன். அவள் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் ஆஸ்திரேலியாவைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வசந்தா, இதெல்லாம் கடிதத்தில் சேர்ந்ததில்லை என்று உனக்குத் தெரியாதா?"

"ஒரு புள்ளிகூட விடாமல் எழுதச் சொன்னார், மிஸ்."

மிஸ் பெரைரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ்டர் சுந்தரம், இதில் வருத்தம் எத்தனை உருவத்தில் உண்டோ அத்தனையும் இருக்கிறது. நான் இங்கிலீஷ் வகுப்பில் பாடம் நடத்தவே இதை உபயோகிக்கலாம். ஆனால் ரேகா என்கிற பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. மை இல்லை. கெட்டுப்போன படம் இல்லை. கண்காட்சிக்காக அந்தக் குழந்தை மூன்று நாள் உட்கார்ந்து இந்தியப் படம் வரைந்தாள். என்ன நடந்தது என்று தெரியாத ஒருவர்தான் இப்படிக் கடிதம் எழுதமுடியும். உங்களுக்கு என்ன நடந்தது என்று தெரியுமா?"

தெரியாது என்று சொன்னேன். அந்த அறைக்குள் நுழைந்த பிறகு நான் சாக்குச் சேர்க்காமல் சொன்ன முதல் பதில் அதுதான்.

அவர் டி.சி. படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவையும் எடுத்தார். "வசந்தா, கடைசித் தடவையாகக் கேட்கிறேன். எதற்காக?"

அந்தப் பேனாவின் மூடியை அவர் கழற்றிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. மூடி கழன்றதும், வசந்தா ஆஸ்திரேலியாவை விட்டுவிட்டுச் சொன்னாள்:

"அவள் என் அப்பாவைப் பண்ணிக் காட்டினாள், மிஸ்."

"அப்படியென்றால்?"

"பெஞ்சு மேலே ஏறி நின்று. அப்பா ஸ்கூல் விழாவில் நன்றி சொன்னாரே, அந்த மாதிரி. எல்லோரும் சிரித்தார்கள்."

எனக்கு விளங்கிற்று. போன மாதம் பள்ளி ஆண்டு விழாவில், பெற்றோர் சார்பில் நன்றி கூற என்னைக் கூப்பிட்டார்கள். நான் மேடை ஏறி, என் ஊர் உச்சரிப்போடு 'யெவ்ரிபடி'யில் ஆரம்பித்து 'யெஜுகேஷ'னில் முடித்தேன். நடுநடுவே சபையில் நல்ல சிரிப்பு. நான் வைத்திருந்த ஹாஸ்யம் ஒன்றே ஒன்று. சிரிப்பு ஏழெட்டு இடத்தில் வந்தது. சபை நம் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்தப் பேச்சை நானே இன்னொரு தடவை கேலியாகப் பேசிக்காட்டினேன். ஜானகி சிரித்தாள். வசந்தாவும் சிரித்தாள். ஆகவே எல்லாருக்கும் அதைச் செய்ய லைசென்ஸ் உண்டு என்பது என் எண்ணம்.

அந்தப் பழக்கத்தில், யோசிக்காமல், அவளைத் தமிழில் கேட்டேன்: "நன்னாப் பண்ணினாளா?"

வசந்தா என்னை நேராகப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

"இதுக்குத்தான் நான் உன்கிட்ட சொல்லலை."

நாலு பத்தி நோட்டில் இதற்கு என்ன பெயர் என்று தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வாயை மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய சமாசாரம் என்று தெரியும்.

மிஸ் பெரைராவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார், "படம் கெட்டுப்போனதே, அதற்கு?"

"படத்துக்கு ஸாரி, மிஸ்," என்றாள் வசந்தா. உடனே, யோசிக்காமல். "அவள் நன்றாக வரைந்திருந்தாள். நதியெல்லாம் போட்டிருந்தாள். கொட்டின பிறகுதான் பார்த்தேன்."

"ரேகாவுக்கு?"

வசந்தா மறுபடி ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிவிட்டாள். பொய் சொல்ல மாட்டாள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன் என்று வாய்க்குள் கெஞ்சினேன்.

மிஸ் பெரைரா பேனாவை மூடினார். "புது நோட்டில் அதே படத்தை நீ வரைந்து கொடுக்க வேண்டும். நதிகளோடு. வெள்ளிக்கிழமைக்குள். ரேகாவிடம், மற்றவர்களைக் கேலி செய்வது குறித்து நான் பேசிக்கொள்கிறேன்." டி.சி. படிவத்தைக் குறுக்கே கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். என் கடிதத்தை மட்டும் மடித்துத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். கேட்டு வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே வந்து, பள்ளி வாசலில் இருந்த கல்மேல் உட்கார்ந்தேன். எதிர் ஓட்டலில் காபி வறுக்கிற வாசனை வந்தது. போய் அடுத்தடுத்து இரண்டு காபி குடித்தேன். பத்தே முக்காலுக்கு ஆபீஸ் சேர்ந்து, மானேஜரிடம் நேராகப் போய், "பெண்ணின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள், சொல்லாமலே தாமதித்துவிட்டேன், தப்பு" என்றேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் நான் 'வருந்துகிறேன்' போடாமல் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

7

இன்று வியாழக்கிழமை. இதை எழுதும்போது எனக்கு எதிரே, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வசந்தா இந்தியாவை வரைகிறாள். ஜானகி இரண்டு நாளாக அவளை 'என் பொண்' என்கிறாள். காதர் பாய் ஆபீஸ் வாசலுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனார். நடந்ததைச் சொன்னேன். "கைய உள்ள விட்டுப் பாத்துட்டாங்க, என்ன?" என்று கேட்டு, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

இமயமலை முடிந்துவிட்டது. கங்கை முடிந்தது. ரேகா போட்டிருந்ததைவிட இதில் இரண்டு நதி அதிகம் என்று சொன்னாள். எங்கள் ஊர்த் தாமிரவருணியை நான் போடச் சொல்லவில்லை. அவளாகவே போட்டு, கீழே தமிழில் பெயர் எழுத ஆரம்பித்து, வல்லின 'ற'வா இடையின 'ர'வா என்று என்னைக் கேட்டாள். அதற்கு நான் ஒரு ஹாஸ்யமும் சொல்லாமல் பதில் சொன்னேன்.

எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. ரேகா அவளை விட்டுத் தள்ளி வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். இன்னும் இருவரும் பேசவில்லை. ஒரே வகுப்பில் ஆறு மாசம் தள்ள வேண்டும். நாளைக்குப் படத்தைக் கொடுக்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மறுபடி ஏதாவது ஆகுமோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். மெதுவாகக் குனிந்து கேட்டேன்: "ஏண்டி கண்ணு, இப்பவாவது ரேகா விஷயத்துல கொஞ்சம் வருத்தம் வந்துதா?"

கோதாவரியிலிருந்து பென்சிலை எடுக்காமல் அவள் சொன்னாள்:

"வந்தா சொல்றேன்."